மிச்சத்துக்குக் கணக்கில்லை

1

“மாலு, அந்த டயட் சார்ட்டைக் கொஞ்சம் அனுப்புடி.”

சென்ற மாதம் தாம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இதே வரி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. மணப்பெண் என் பள்ளித் தோழி கீதாவின் மகள். பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்த நாங்கள் எல்லோரும் மண்டபத்து வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படம் வாட்ஸாப்பில் சுற்றுகிறது. அதில் பழைய மாலதியில் முக்கால் பங்குதான் நிற்கிறாள். மீதிக் கால் பங்கு எங்கே போனது என்பதுதான் எல்லோருக்கும் கவலை. “சுவீடன்ல ஊசி ஏதாவது போடறாங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். “மாத்திரை பேரை மட்டும் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள் இன்னொருத்தி. கீதாவின் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உடம்புக்கு ஏதாவது வந்துடுச்சாம்மா?” என்று நிஜமான இரக்கத்தோடு கேட்டார்.

சார்ட் எதுவும் கிடையாது என்றால் யாரும் நம்புவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவள் சாக்லேட் கொண்டுவராவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். டயட் சார்ட் இருந்தும் தராமல் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தால் மன்னிக்கவே மாட்டார்கள்.

என் தம்பி செந்திலுக்கு நான் ஒரு சிறுநீரகம் கொடுத்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. எடை குறைந்த கதை அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

2

சேலையூரிலிருந்து கல்யாணமாகி சுவீடனில் உள்ள கோத்தன்பர்க்குக்கு வந்தபோது நான் ஒல்லி. விமான நிலையத்தில் என் கணவர் ரவி என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள உன்னையே வெச்சுடலாம் போல இருக்கே” என்றார். இருபது வருடங்களில் நானும் பெட்டியும் சம எடைக்கு வந்து, பிறகு நான் முந்திவிட்டேன். பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊர். குளிர்காலத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, சமைக்கலாம், சாப்பிடலாம். நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் காலையும் மாலையும் காப்பி, கூடவே ஏலக்காய் மணக்கும் பன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பிட்டு முடித்ததும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள் என்று வற்புறுத்தினார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்து, “யாக் ஏர் ஃபுல்” என்று பெருமையாகச் சொன்னேன். அந்த மொழியில் அதற்கு நான் குடித்திருக்கிறேன் என்று பொருளாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள் பட்டப்பகலில் இப்படி அறிவித்தால் எப்படி இருக்கும்! தலைமை ஆசிரியை என் அருகே வந்து மோப்பம் பிடித்துவிட்டுத்தான் சிரித்தார்.

இங்கே யாரும் யாருடைய எடையைப் பற்றியும் பேச மாட்டார்கள். அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டு நானும் கண்ணாடியிடம் நாகரிகமாக நடந்துகொண்டேன்.

செந்தில் என்னைவிட நான்கு வயது சின்னவன். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடச் சொன்னதை, தலை வலிக்கும்போது மட்டும் சாப்பிட்டால் போதும் என்று எடுத்துக்கொண்டவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. வாரத்துக்கு மூன்று நாள் தாம்பரத்தில் டயாலிசிஸ். அப்பா அம்மா இல்லை. அவன் மனைவி கவிதாவின் ரத்த வகை பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது. செய்தி வந்த வாரமே விமானம் ஏறிப் போய், “எடுத்துக்குங்க டாக்டர்” என்று நின்றேன்.

மருத்துவர் மெல்லிய குரலில் பேசுகிறவர். என் காகிதங்களைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “மேடம், உங்க மனசு பெரிசு. உடம்பும் கொஞ்சம் பெரிசா இருக்கு. சுகர் எல்லையில நிக்குது. இந்த வெயிட்ல நான் உங்கள டோனரா எடுக்க முடியாது. குறைச்சுட்டு வாங்க.”

கொடுக்கத் தயாராக இருந்தும், கொழுப்பால் கொடுக்க முடியவில்லை. அந்த அவமானத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி ஊசி குத்திய கையோடு படுத்திருக்கிறான், அக்கா தின்ற பன் குறுக்கே நிற்கிறது.

3

கோத்தன்பர்க் திரும்பியதும் வெறி பிடித்தவள் மாதிரி ஆரம்பித்தேன். கைப்பேசியில் கலோரி எண்ணும் செயலி ஒன்று. சமையலறையில் சின்னதாக ஒரு மின்னணுத் தராசு. வாயில் போகிற ஒவ்வொன்றையும் நிறுத்து, செயலியில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அந்தச் செயலிக்கு எட்டு வகை ரொட்டி தெரியும், வத்தக்குழம்பு தெரியாது. கூட்டு என்று தேடினால் ஏதோ ஒரு மீன் பெயரைக் காட்டியது. குழம்பைப் பருப்பு, புளி, எண்ணெய் என்று பிரித்துப் போட்டு, மொத்தத்தை நான்கால் வகுத்து, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிடுவேன். “நீ சாப்பிடறியா, பரீட்சை எழுதறியா?” என்று ரவி கேட்பார்.

எடை குறைந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மளமளவென்று குறைந்தது. கூடவே தலைமுடியும் கொத்துக் கொத்தாக வந்தது. காப்பகத்தில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது கண் இருட்டி, குழந்தையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். செயலி எனக்குப் பச்சை நிறத்தில் பாராட்டு அனுப்பியது.

அதைவிடப் பயமுறுத்தியது வேறொன்று. என் மகள் மாயாவுக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் சுவீடிஷில் பதில் சொல்வாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டே. அவளுடைய பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். முதல் துண்டை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தி, “அம்மா, இதுல எவ்ளோ?” என்றாள். வெகுநாள் கழித்து அவளாகப் பேசிய முழுத் தமிழ் வாக்கியம் அது. வீட்டில் மொழியைத்தான் சொல்லித்தர முடியவில்லை, பயத்தை எவ்வளவு சுலபமாகச் சொல்லித்தந்துவிட்டேன்! அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து இரண்டு துண்டு கேக் தின்றேன். மறுநாள் அதற்கு ஈடுகட்டப் பட்டினி கிடந்தேன். அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீண்ட விடுப்புக் கேட்டபோது இங்குள்ள காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு பெண்மணி விசாரித்தார். “உங்களுக்கு என்ன நோய்?” எனக்கு நோய் இல்லை என்றேன். “பிறகு எதற்கு அறுவை சிகிச்சை?” தம்பிக்கு நோய் என்றேன். “அப்படியானால் தம்பிதானே விண்ணப்பிக்க வேண்டும்?” தம்பி இந்தியாவில் இருக்கிறான் என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் சம்பளமில்லாத விடுப்புதான் கிடைத்தது. ரவி ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதரை இன்னும் இருபது வருடம் சகித்துக்கொள்ளலாம்.

4

தராசைப் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் சென்னைக்கு வந்தேன். சுங்க அதிகாரி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இது எதுக்கும்மா? தங்கம் எடை போடவா?”

“இல்ல சார், இட்லி எடை போட.”

அவர் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு, “சார், இங்க வந்து இத கேளுங்க” என்றார். இருவரும் என் பெட்டியைக் கடைசிப் புடவை வரை கலைத்தார்கள். தங்கம் இல்லை என்பதைவிட, நான் சொன்னது உண்மை என்பதுதான் அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது.

சேலையூர் வீட்டில் அந்தத் தராசு ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கவிதா மேடவாக்கத்தில் பள்ளி ஆசிரியை. தண்ணீர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டி வேலைக்குப் போய்வந்து, அலுப்பைக் காட்டாமல் சமைப்பாள். தட்டு அவள் கையில்தான். நம் வீடுகளில் சாப்பிடுகிறவர் அளவை முடிவு செய்வதில்லை, பரிமாறுகிறவர்தான் முடிவு செய்கிறார். போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம். நிஜமாகவே போதும் என்றால் தட்டின் மேல் கையை விரித்துக் குப்புறப் படுக்க வேண்டும். அப்போதும் விரல் சந்தில் குழம்பு விழும்.

“தராசெல்லாம் எடுத்துட்டு வந்து வெச்சா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு அண்ணி” என்று ஒருநாள் கவிதா சொல்லிவிட்டாள். “அவருக்குத்தான் உப்பு கிடையாது, தண்ணி கிடையாது, இளநி கிடையாது. காய வேகவெச்சு தண்ணிய கொட்டிட்டுத்தான் போடறேன். நீங்களாவது ஒழுங்கா சாப்பிட்டா எனக்கு சமைச்ச மாதிரி இருக்கும்ல?”

தராசை அலமாரிக்குள் வைத்தேன். செயலியில் மட்டும் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தேன். நான்கு மாதம் பட்டினியில் போனதில் பாதி, மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. மருத்துவமனை எடைக்கருவியில் ஏறி நின்றபோது காலில் செருப்பு இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்தேன்.

மருத்துவர் திட்டவில்லை. எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

“உங்க கிட்னிய எடுக்கறது எங்களுக்கு ஒரு நாள் காலை வேலைதான். மிச்சமிருக்கற ஒண்ண வெச்சுக்கிட்டு நீங்க உங்க ஆயுசு முழுக்க இருக்கணும். வெயிட் ஏறி, சுகர் வந்து, அந்த ஒண்ணும் போச்சுன்னா நான் ஒருத்தர காப்பாத்த இன்னொருத்தர படுக்க வெச்ச கதையா ஆயிடும். ஆயுசு முழுக்க பட்டினி கிடப்பீங்களா? மாட்டீங்க இல்ல? அப்ப ஆயுசு முழுக்க சாப்பிடற மாதிரி சாப்பிட்டு குறைச்சுட்டு வாங்க. குறைஞ்சது அப்படியே நிக்கணும். அதுவரைக்கும் தேதி கிடையாது.”

“அதுவரைக்கும் அவன் தாங்குவானா டாக்டர்?”

“டயாலிசிஸ் இருக்கு. ஆனா ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க” என்றார்.

மெதுவாகக் குறை, ஆனால் சீக்கிரம் வா. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. வெளியே நாற்காலியில் காத்திருந்த செந்திலிடம், “இன்னும் சில டெஸ்ட் பாக்கியாம்” என்று பொய் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெயிட்டா?” என்றான்.

5

செந்திலுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அவனுடையது தண்ணீர்க் கணக்கு. சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் குடிக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், நெஞ்சு வரை போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவான். சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மூடியில் ஊற்றி மூடி மூடியாகக் குடிப்பான். பார்க்கிற நமக்குத் தொண்டை வறண்டுபோகும்.

ஆக ஒரே வீட்டில் அக்கா சோற்றை எண்ணுகிறாள், தம்பி தண்ணீரை எண்ணுகிறான். இரண்டு பேருமே கணக்கில் சுத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை கவிதாவுக்குப் பள்ளியில் பரீட்சை வேலை. டயாலிசிஸுக்கு நான் துணை போனேன். படுக்கையில் படுக்கும் முன் எடை பார்ப்பார்கள். போன தடவைக்கும் இதற்கும் எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அத்தனையும் தண்ணீர். அங்கே பிரபு என்று ஒரு டெக்னீஷியன், குரோம்பேட்டைக்காரர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. எடைக்கருவியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா சார் இது, ஒரு கொடத்த முழுங்கிகினு வந்துகீறீங்க?”

“இல்ல பிரபு, பாட்டில தாண்டல. சத்தியமா.”

“பாட்டில் சரி சார். சோத்துக்கு இன்னா ஊத்துனீங்க?”

“ரசம்.”

“எவ்ளோ?”

செந்தில் கூரையைப் பார்த்தான். “ரசம் சாதம்தான் இறங்குது பிரபு. அப்புறம் கடைசில கொஞ்சம் கையில வாங்கி குடிச்சேன்.”

“அப்பால?”

“அப்புறம் நாக்கு வறண்டா வாயில ஒரு ஐஸ் கட்டி.”

“ஐஸ் கட்டி கல்லா சார்? ரசம் இன்னா மண்ணா? எல்லாம் தண்ணிதான சார்! இத்தினி தண்ணிய நான் ஒரே நாள்ல இஸ்த்தா உங்களுக்கு பிரஷர் எறங்கி பேஜாராய்டும். அக்கா, நீங்களாவது சொல்லுங்க.”

நான் சொல்லவா? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். படித்தவன், பரிசோதனைக் கூடத்தில் திரவங்களைச் சொட்டுச் சொட்டாக அளக்கிறவன், ரசம் தண்ணீரில்லை என்று நினைத்திருக்கிறான்! கேட்டால், “அது சாப்பாட்டுல சேர்ந்ததுன்னு நெனச்சேன்” என்கிறான். வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவிலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடந்தவன், கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

“ரொம்ப சிரிக்காதக்கா. காலைல யாழினி வெச்ச அரை தோசைய யார் சாப்பிட்டது?”

யாழினி அவன் மகள், இரண்டாம் வகுப்பு. எதை வைத்தாலும் பாதியோடு எழுந்துவிடுவாள்.

“அது மிச்சம்டா” என்றேன்.

“உன் ஆப்ல போட்டியா?”

“அத எதுக்குப் போடணும்? குழந்தை வெச்சத கொட்ட மனசில்லாம வாயில போட்டேன். அது சாப்பாடா?”

சொல்லி முடிப்பதற்குள் என் வாய் தானாக நின்றுவிட்டது. செந்தில் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். ஆட்டோ தாம்பரம் சானடோரியம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது எந்த மாதிரி கேஸ் என்று யோசித்திருப்பார்.

6

அன்றிலிருந்து ஒரு வேலை செய்தேன். வழக்கமாக வாயில் போட்டுக்கொள்ளும் மிச்சத்தையெல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டேன். யாழினியின் அரைத் தோசை. இட்லித் தட்டில் ஒட்டிய கடைசி இட்லி. ருசி பார்க்க எடுத்த உருளைக்கிழங்கு வறுவல். வாணலியில் ஒட்டிய எண்ணெய் வீணாகிறதே என்று அதில் போட்டுப் பிரட்டிய ஒரு பிடி சோறு. காப்பி போடும்போது உடைந்த முறுக்கு. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் டப்பாவைத் திறந்தேன். கவிதாவும் வந்து எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி, இது ஒரு ஆளு சாப்பாடு!”

ஆமாம். நான் இத்தனை வருடமும் இரண்டு ஆள் சாப்பிட்டிருக்கிறேன். ஒருத்தி தட்டின் முன்னால் உட்கார்ந்து கணக்கோடு சாப்பிட்டாள். இன்னொருத்தி பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டு, கணக்கில் வராமல் சாப்பிட்டாள். கோத்தன்பர்க்கில் மாயா கதவைச் சாத்திக்கொண்டு போனபின் அவள் விட்டுப்போன தட்டை வழித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடாததற்கு, அவள் மிச்சத்தைச் சாப்பிட்டு நான் ஆறுதல் அடைந்திருக்கிறேன் போலிருக்கிறது. இதை எழுதும்போதுதான் இப்படித் தோன்றுகிறது. அன்றைக்கு டப்பாவைப் பார்த்தபோது தலை சுற்றியது, அவ்வளவுதான்.

சோற்றைக் குப்பையில் கொட்ட நம் கைக்கு வராது. எனக்கும் வரவில்லை. அதனால் மிச்சமே விழாதபடி வழி தேடினோம். யாழினி தனக்கு வேண்டியதைத் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அரைத் தோசை கேட்டு வாங்கி, அதிசயமாக முழுதும் தின்றாள். கவிதா உலையில் அரிசியைக் குறைத்தாள். நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். உட்கார்ந்து, தட்டில் போட்டு, மற்றவர்களோடு சாப்பிட்டால் மட்டுமே சாப்பாடு. நின்றுகொண்டு எதுவும் கிடையாது. தட்டு என் கையில், கரண்டியும் என் கையில். கவிதா முதலில் முகம் சுளித்தாள். இரண்டாவது வாரம், “நல்லாத்தான் இருக்கு அண்ணி, நானும் சூடா உக்காந்து சாப்பிடறேன்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோவளத்திலிருந்து வரும் மீனை வறுக்காமல் குழம்பில் போட்டோம். என்றைக்காவது வறுத்தாலும் ஒரு துண்டு சாப்பிட்டேன். பண்டிகை வந்தது, போளி தின்றேன். வானம் இடிந்து விழவில்லை.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் செந்திலும் நானும் நடந்தோம். எங்கள் தெருவில் நடைபாதை என்று சொல்லப்படுவதில் பைக் நிற்கும், அதற்கு மேல் நாய் படுத்திருக்கும். அதனால் மொட்டை மாடியில், துணிக்கொடிக்குக் குனிந்து குனிந்து நடப்போம். அவன் நான்கு சுற்றில் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்த இடத்திலிருந்து, “வேகமாக்கா, கிட்னி வெயிட்டிங்” என்று விரட்டுவான்.

ஒரு நாள் அவனுக்கு டயாலிசிஸ் ஊசி குத்தும் கையிலுள்ள ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, அவசரமாகக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அன்றைக்கு மட்டும் எனக்குப் பழைய வெறி வந்தது. சாப்பிட உட்காராமல் படுத்துக்கொண்டேன். கழுத்தில் கட்டோடு அவன் வந்து கதவருகே நின்றான். “நீ பட்டினி கிடந்தா அந்த டாக்டர் திரும்ப ஆரம்பத்துலேந்து வான்னுவாரு. எனக்காக சாப்பிடுக்கா” என்றான். எழுந்து போய் உட்கார்ந்தேன். அழுதுகொண்டே ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

எடை மெல்ல இறங்கியது, சில வாரம் அசையவே அசையாது. எல்லையில் நின்ற சர்க்கரை சரியான அளவுக்குள் வந்தது. பிறகு ஓரிடத்தில் வந்து எடை நின்றது. அடுத்த மாதமும் அதே இடம். அதற்கடுத்த மாதமும். நான் பயந்துகொண்டே போனேன். மருத்துவர் முதல் தடவையாகச் சிரித்தார். “மாறல. இதுக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன். தேதி குறிக்கலாம்.”

அப்புறம் உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழு. நான் செந்திலின் அக்காதான் என்று நிரூபிக்கவேண்டும். அவன் பெயருக்கு முன் அப்பாவின் எழுத்து, என் கடவுச்சீட்டில் ரவியின் பெயர், அதுவும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. தூதரகக் காகிதம், பிறப்புச் சான்று, சின்ன வயதில் சேர்ந்து எடுத்த படங்கள் என்று கேட்டார்கள். எங்களிடம் இருந்த ஒரே படத்தில் நான் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்ததும் குழுவில் ஒருவர், “சரி, அக்கா தம்பிதான்” என்றார். இன்னொருவர் என்னைத் தனியாக வைத்து, “யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?” என்று கேட்டார். “ஆமா சார், ஒழுங்கா சாப்பிடச் சொல்லி” என்றேன்.

7

ஆகவே, தோழிகளே, கலோரி எண்ணலாமா என்று கேட்டால், எண்ணலாம். சில வாரம் எண்ணுங்கள். கணக்கில் வராதது எது என்று கண்டுபிடிக்கிறவரை எண்ணுங்கள். அதற்குப் பிறகும் எண்ணிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். செயலியை நான் நீக்கிவிட்டேன். உங்கள் வீட்டில் கணக்கில் வராதது உடைந்த முறுக்காக இருக்கலாம், மாமியார் தட்டில் போடும் இன்னொரு கரண்டியாக இருக்கலாம். அது எனக்குத் தெரியாது, அதனால்தான் சார்ட் இல்லை. மாயா இப்போது தனக்கு வேண்டியதைத் தானே போட்டுக்கொள்கிறாள். வாரத்தில் இரண்டு நாளாவது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சுவீடிஷில்தான் பேசுகிறாள், பேசட்டும்.

அறுவை சிகிச்சை நடந்த அன்று எனக்கு மயக்கம் தெளியும்போது கவிதாவின் முகம் தெரிந்தது. முகக்கவசம் ஒரு காதில் தொங்கியது. அவள் கண்ணெல்லாம் தண்ணீர். “அண்ணி, ஒண்ணுக்கு வருது! அவருக்கு ஒண்ணுக்கு வருது!” என்றாள். செந்திலுக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகச் சிறுநீர் என்பதே இல்லை. நான் கொடுத்தது அவனுக்குள் போன உடனேயே வேலையை ஆரம்பித்துவிட்டதாம். சிறுநீர்ப் பையைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். சித்தப்பா, பெரியம்மா, ரவி என்று அத்தனை பேரும் அதற்கு இதயம் போட்டார்கள். சிரித்தால் தையல் வலித்தது. சிரித்தேன்.

நேற்று எனக்கு ஓராண்டுப் பரிசோதனை. இங்குள்ள செவிலி எடையைப் பார்த்து, எல்லாம் அப்படியே இருக்கிறது, உங்கள் ஒற்றைச் சிறுநீரகம் நன்றாக உழைக்கிறது என்றார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே செந்திலைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், அவன் அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்திருந்தான். நான் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“ஒரு நிமிஷம் இருக்கா, ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துடறேன்.”

போனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குளியலறைக் கதவு சாத்தும் சத்தம். என் பேருந்து வந்தது. ஏறாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.